பின்சீட்டைத் தின்ற எஞ்சின்

நடுவுல எஞ்சின் வச்ச ஹேட்ச்பேக் வந்தா, கார் பைத்தியங்களான நாம வாங்குவோமா? எடை நடுவுல இருந்தா வளைவுல சட்டுனு திரும்பும். சரி, சரித்திரம் என்ன சொல்லுதுன்னு பாப்போம் மக்களே.

1980-ல ரெனோ தன்னோட சாதாரண 5 காரின் பின்சீட்டைக் கழட்டிட்டு, அங்கே 1.4 லிட்டர் டர்போ எஞ்சினை வச்சது. ராலி விதிக்கு 400 கார் போதும். செஞ்சதோ கிட்டத்தட்ட 5,000! ராலிக் கட்டாயம் இல்லாம 2001-ல வந்த கிளியோ வி6, 2005 வரைக்கும் மூவாயிரத்தைத் தொடலை.

நம்ம திருத்தணியிலேருந்து எட்டுற தூரத்துல, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வச்சிருக்கிற ஹூண்டாயும் 2014-ல கொரியாவின் பூசான் கண்காட்சியில ஆர்எம்14-னு ஒரு நடு எஞ்சின் காரைக் காட்டுச்சு. கடைக்கு வரலை. 2021-ல இங்கேருந்து வந்தது ஐ20 என் லைன். டர்போ எஞ்சின்தான், ஆனா முன்னாடி, 1 லிட்டர்.

காரணம் வரி. 2006-லிருந்து நாலு மீட்டர், 1,200 சிசிக்குள்ள இருக்கிற பெட்ரோல் காருக்குத்தான் சலுகை. 2016-ல 1.8 லிட்டர் போலோ ஜிடிஐ 25 லட்சத்தைத் தாண்டி வந்து, மறுவருஷமே 20-க்கு இறங்குச்சு.

ஆடிக்கிருத்திகைக்குக் குடும்பத்தோட மலையேற பின்சீட்டும் வேணுமே! ஆசைப்பட ஆயிரம் பேர் இருக்கோம், செக் கிழிக்கத்தான் ஆளில்லை. கம்பெனியைத் திட்ட எனக்கு மனசு வரலை. உங்களுக்கு? :-)