ஆவாரம்பட்டையும் ஸ்டீரிங் சக்கரமும்

திருமயத்தைச் சூழ்ந்த வறண்ட செம்மண் தரிசுகளில் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். சேதுபதி மன்னர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோட்டையைக் காண வருவோர் இச்செடியைப் பொருட்படுத்துவதில்லை. தென்னகத்துத் தோல் தொழில் உலகச் சந்தையை எட்டியது இதன் பட்டையினாலேயே. இதே வட்டத்தில் உள்ள ராயவரம், கோனாப்பட்டு, குழிபிறை முதலிய நகரத்தார் ஊர்களுக்குச் சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் ஐரோப்பிய, அமெரிக்கக் கார்கள் வந்து சேர்ந்தன. அக்காலத்துக் கார் ஒன்றின் ஸ்டீரிங் சக்கரத்துக்கு இன்று மெத்தை வைத்துத் தோல் தைக்க முனைவோர், எந்தத் தோலைத் தேர்வது என்ற கேள்வியை எதிர்கொள்கின்றனர். அதற்கு விடை காண நமது தோல் தொழிலின் வரலாற்றைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

தொடக்ககாலக் கார்களில் சக்கரம் இல்லை. படகுச் சுக்கான் போன்ற ஒரு தண்டே இருந்தது. 1894இல் நடந்த பாரிஸ்–ரூவான் பந்தயத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் தமது பனார் காரில் சக்கரத்தைப் பொருத்தி ஓட்டினார். பின்னர் அது எங்கும் பரவியது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு வழங்கும் வட்டை, ஆரக்கால், குடம் என்னும் சொற்கள் இதற்கும் அப்படியே பொருந்துகின்றன. வட்டை முதலில் மரத்தாலும், பிறகு இரும்பு வளையத்தின்மேல் வார்த்த கெட்டி ரப்பராலும், அதன்பின் பிளாஸ்டிக்காலும் ஆயிற்று. வெயிலில் இரும்பு ஓரளவும் மேற்பூச்சு வேறோரளவும் விரிவதால் பூச்சு வெடிக்கும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் அது விரைவாகவே நிகழும்.

அதன்மேல் தோல் தைக்கும் கலை சேணத் தொழிலின் வழிவந்தது. சென்னையில் 1840இல் தோன்றிய சிம்சன் நிறுவனம் குதிரைச் சேணமும் கடிவாள வாரும் செய்து, பிறகு கோச்சு வண்டிகள் கட்டியது. 1903இல் அங்குப் பணியாற்றிய சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றை உருவாக்கினார். குதிரைவீரரைக் குறித்த இராவுத்தர் என்னும் பெயரைத் தாங்கிய நம் சமூகத்தாரிலும் பலர் பிற்காலத்தில் தோல் வணிகத்தில் தலைநின்றனர். இரண்டாம் வட்டமேசை மாநாட்டில் பங்கேற்ற ஜமால் முகம்மது சாகிப் அவர்களுள் புகழ்பெற்றவர்.

ஃபிக்ஹு நூல்கள் தோல் பதனிடுதலைத் தூய்மையின் இயலில் வைத்துப் பேசுகின்றன. வெயிலில் உலர்த்துவதும் மண்ணிடுவதும் ஹனஃபி அறிஞர்களுக்குப் போதும். ஷாஃபிஈ அறிஞர்களோ துவர்ப்புள்ள பொருள் வேண்டும் என்பர். ‘கரழ்’ எனும் காயையும் மாதுளந்தோலையும் எடுத்துக்காட்டுவர். அந்தக் ‘கரழ்’ நம்மூர்க் கருவேலத்தின் காயே. வேதியியல் நோக்கில் ஷாஃபிஈ வரையறை நுட்பமானது. உலர்ந்த தோல் நனைந்தால் மீண்டும் அழுகும். துவர்ப்பு ஏறிய தோல் அழுகாது.

ஆவாரம்பட்டைக்கு ஒரு குறை உண்டு. அதனால் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவக்கும். புதுச்சேரியைச் சேர்ந்த சார்லஸ் டி சூசா 19ஆம் நூற்றாண்டில் முறையைத் திருத்தி, இறுதியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைக்கும் வழக்கத்தைப் பரப்பினார். அதன்பின்னரே ‘கிழக்கிந்தியத் தோல்’ லண்டன் சந்தையில் நிலைபெற்றது. எனினும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் கலைச் சங்கம் அமைத்த குழு, நூல்கட்டுக்கு உதவாத பட்டைகளுள் ஆவாரையையும் சேர்த்தது; மொராக்கோத் தோலுக்குரிய சுமாக்கு இலையை உயர்வாக மதித்தது. நம் தோலின் பெருமையைப் பேசுவோர் இத்தீர்ப்பை மறைப்பது முறையன்று. வெளிச்சமும் காற்றும் நூல் முதுகைச் சிதைத்தன என்றால், அவற்றோடு வியர்வையும் சேரும் ஸ்டீரிங்கின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

குரோமியப் பதனீடு சென்னையில் காலூன்றியது சாட்டர்டன் 1903இல் தொடங்கிய சோதனைகளால். குரோம்பேட்டை என்னும் பெயர் அவ்வழியில் எழுந்த ஆலையின் நினைவு. குரோமியத் தோல் கொதிநீரையும் தாங்கும். பட்டைத் தோல் அதற்கு முன்பே சுருங்கிவிடும். ஆனால் குரோமியக் கழிவு பாலாற்றங்கரையில் செய்ததை நாடறியும். 1996இல் உச்ச நீதிமன்றம் ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. அவற்றுள் திருச்சியும் ஒன்று. புதுக்கோட்டைச் சாலையில் உள்ள செம்பட்டின் பட்டைப் பதனீடும் உப்பாலும் சுண்ணாம்பாலும் நிலத்தடி நீரைக் கெடுத்ததே. இன்று அம்முறையில் ஆவாரைக்குப் பதில் பெரும்பாலும் வாட்டில் பட்டைச் சாறும் கடுக்காயும் பயன்படுகின்றன. புவிசார் குறியீடு பெற்ற கிழக்கிந்தியத் தோல் இதுவே.

நாள்தோறும் ஓடும் காருக்குக் குரோமியத் தோலே தகும். வீட்டில் நிழலில் நிற்கும் பழங்காருக்குக் கடுக்காய் ஏறிய செம்பட்டுத் தோலையே நான் தேர்வேன். ஈரமாக இழுத்துக் கட்டினால் உலர்ந்தபின் வட்டையின் வடிவத்தை அது விடாது பற்றிக்கொள்ளும். முதலில் வெடிப்புகளைச் சுரண்டி அகலப்படுத்தி, எபாக்ஸி கொண்டு நிரப்பி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வெளியே தெரியும் இரும்பை முழுவதும் மூடுதல் இன்றியமையாதது. துவர்ப்பும் இரும்பும் ஈரத்தில் கூடினால் கரிய கறை எழும். கிதாபுகள் எழுதக் கடுக்காயோடு இரும்பைச் சேர்த்துக் காய்ச்சிய மையின் இரசாயனம் அதுதான். மெத்தைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் போதும். நுரைப்பஞ்சு சில ஆண்டுகளில் பொடியாகிவிடும். அழுத்திய கம்பளியே நீடிக்கும். தோல் ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்க, அதன் அகலத்தையும் நீளத்தையும் வட்டையின் அளவைவிடச் சற்றே குறைத்து வெட்டுவர். குத்தூசியால் சம இடைவெளியில் துளையிட்டு, மெழுகிட்ட நூலின் இருமுனைகளிலும் ஊசி கோத்து, உள்விளிம்பில் மாறிமாறி இழுத்துத் தைப்பர். இணைப்பு ஆரக்காலின் பின் மறையும்.

இத்தொழிலின் வரலாற்றில் நாம் பெருவணிகரையும் அவர்கள் நிறுவிய கல்விக்கூடங்களையும் விரிவாக எழுதியுள்ளோம். சுண்ணாம்புக் குழிகளில் கால் புண்ணாக நின்ற தலித் தொழிலாளர்களையும், பட்டை உரித்து விற்ற கிராமத்துப் பெண்களையும் பற்றி எழுதியது மிகக் குறைவு. செம்பட்டிலும் திண்டுக்கல்லிலும் முதியோர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். கேட்டுப் பதிவு செய்யலாம்.