கமலை முதல் சப்மெர்சிபிள் வரை

எங்க திண்டுக்கல் பக்கம் பெரும்பாலும் கிணத்துப் பாசனம்தாங்க. பூமிக்குக் கீழே கெட்டிப் பாறை. தண்ணியை எப்படி மேலே கொண்டு வந்தாங்கங்கறதுதான் இந்த ஊர் வெள்ளாமையோட சரித்திரமே.

முதல்ல கமலை (கோயம்புத்தூர் பக்கம் கவலைம்பாங்க). ரெண்டு மாடு, ஒரு சால், ரெண்டு கயிறு. வடக்கயிறு சாலைத் தூக்கும். வால்கயிறு சாலுக்கு அடியில இருக்கற தோல் குழாயை மேல் நோக்கி மடக்கிப் பிடிச்சுக்கும். மாடு சரிவுல இறங்கும்போது அதோட சொந்த எடையும் சேர்ந்து இழுக்கும். சால் மேலே வந்ததும் தோல் குழாய் நீண்டு தண்ணி தானா கொட்டிடும். என்ன ஒரு மூளை பாருங்க!

இருபதாம் நூற்றாண்டு ஆரம்பத்துல ஆல்ஃபிரட் சாட்டர்டன்ங்கற வெள்ளைக்கார இஞ்சினியர் சென்னை மாகாணத்துல ஆயில் இஞ்சின் பம்புகளைப் பரப்பினார். 1930-களில் பைகாரா மின்சாரம் வந்துச்சு. கோவைப் பட்டறைகள்ல மோட்டார், பம்பு செய்ய ஆரம்பிச்சாங்க.

அந்த மோட்டார் பம்புக்கு ஒரு எல்லை உண்டு. உள்ளே சுத்தற இம்பெல்லர் தண்ணியை வெளியே வீசும். நடுவுல அழுத்தம் குறையும். வெளிக்காத்து அமுக்கறதால கிணத்துத் தண்ணி குழாய்ல ஏறும். அதாவது பம்பு இழுக்கலை, காத்துதான் தள்ளுது! காத்தோட பலம் 34 அடி வரைக்கும்தான். 1640-களில் இத்தாலியில டாரிசெல்லி சொன்ன கணக்கு இது. நடைமுறையில 25 அடி கிடைச்சாலே பெரிசு. அதனாலதான் தண்ணி இறங்க இறங்க, கிணத்துக்குள்ளயே மேடை கட்டி மோட்டாரை இறக்கினாங்க.

அதுக்கப்புறம் ஜெட் பம்பு. மேலே வந்த தண்ணியில கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பி, கீழே சின்ன ஓட்டை வழியா பீச்சி அடிச்சு, மத்த தண்ணியையும் சேர்த்து மேலே ஏத்தும். கம்ப்ரசர்ல இன்னொரு தந்திரம். போர் அடியில காத்தை ஊதினா, குமிழி கலந்த தண்ணி லேசாகி மேலே வரும். ஆனா கரண்டு நிறைய தின்னும். கடைசியா சப்மெர்சிபிள். மோட்டாரே தண்ணிக்குள்ள உட்கார்ந்து கீழேருந்து தள்ளுது. 34 அடிக் கணக்கு இதுக்குக் கிடையாது. எத்தனை நூறு அடின்னாலும் சரி.

இங்கதான் எனக்கு உறுத்துது. கமலை காலத்துல மாடு களைச்சா இறைப்பு நின்னுடும். கிணறும் ஊறிக்கும். 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் வந்துச்சு. அது வேண்டிய உதவிதான், குறை சொல்லலை. ஆனா களைப்பே இல்லாத மாடு கிடைச்ச மாதிரி ஆயிடுச்சு. நம்ம பாறையில தண்ணி தங்கறது மேல இருக்கற சிதைஞ்ச அடுக்குலதான். அதுக்குக் கீழே வெறும் வெடிப்புதான். ஆயிரம் அடி போட்டாலும் வெடிப்பு கிடைச்சாத்தான் தண்ணி.

தண்ணியைத் தூக்கற வித்தை எல்லாத்தையும் கத்துக்கிட்டாச்சு. இனிமே கண்மாயைத் தூர்வாரி, மழைத் தண்ணியைக் கீழே இறக்கற வித்தையைப் பார்க்கணும். அதுக்கு எந்தக் கடையிலயும் பம்பு விக்கறதில்லீங்க.