தம்புள்ளைச் சந்தியும் எங்கள் பிள்ளைகளின் வரைபடமும்



கொஞ்சம் நீளமான பதிவு. படிக்கும் வயதில் பிள்ளைகள் இருக்கும் ஊரவர்கள் பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தரம் 9 வரை எல்லாப் பிள்ளைகளும் புவியியல் படிக்கிறார்கள். சாதாரண தரத்தில் அது விருப்பப் பாடம்; வரலாறுதான் கட்டாயம். கடைசியில் பல பிள்ளைகளுக்கு வரலாறு என்றால் அரசர்களின் பெயர், புவியியல் என்றால் ஆறுகளின் பெயர். மனிதர்கள் ஏன் இந்த இடத்துக்கு வந்தார்கள், எதைக் கொண்டு வந்தார்கள், யாரோடு கொடுக்கல் வாங்கல் செய்தார்கள் என்பதைச் சொல்லும் பண்பாட்டுப் புவியியல் இரண்டுக்கும் நடுவில் தவறிப் போகிறது.

தம்புள்ளையில் வளரும் பிள்ளைக்கு அதுதான் அதிகம் தேவை. 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை, எமது பள்ளிவாசலுக்கு முன்னால் நடந்தது எல்லோருக்கும் தெரியும். அன்று பிறந்திராத பிள்ளைகளும் இன்று வகுப்பில் இருக்கிறார்கள். "நாங்க எப்ப சேர் இங்க வந்த?" என்று அவர்களும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குக் கோபத்தோடு பதில் சொன்னால் பிள்ளை கோபத்தைத்தான் படிக்கும். வரைபடத்தை விரித்துப் பதில் சொல்ல வேண்டும்.

நான் சந்தியிலிருந்து தொடங்குவேன். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியும், அம்பேபுஸ்ஸையிலிருந்து குருநாகல் வழியாகத் திருகோணமலை போகும் ஏ6 வீதியும் சந்திக்கும் இடம் எங்கள் ஊர். மலைநாடு முடிந்து உலர் வலயம் விரியும் இடமும் இதுதான். அப்படிப்பட்ட இடத்தில் ஆட்கள் தங்குவார்கள், பொருள் கைமாறும். 1999இல் பொருளாதார மத்திய நிலையம் இங்கே அமைந்ததற்கும் இந்த அமைவிடம்தான் காரணம். நுவரெலியா கரட்டும் யாழ்ப்பாணத்துச் சின்ன வெங்காயமும் ஒரே கூரையின் கீழ் இறங்குவதைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள்.

அடுத்து, பக்கத்திலுள்ள இப்பன்கட்டுவை. அங்குள்ள கற்பலகைக் கல்லறைகள் ஏறத்தாழ கி.மு. 700க்கும் 400க்கும் இடைப்பட்டவை. உள்ளே சாம்பலும் தாழிகளும் மணிகளும் கிடைத்தன. அந்த மணிகளில் சூதுபவளம் போன்ற, இந்த நாட்டில் இயற்கையாகக் கிடைக்காத கற்களும் உண்டு. அவை இந்தியாவிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. எந்த அரசனின் பெயரும் எழுதப்படாத காலத்திலேயே இங்கே வெளியூர்ச் சரக்கு வந்திருக்கிறது.

பிறகு குகை விகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் அடைக்கலம் தேடி வந்த இடம் என்பது மரபு. 12ஆம் நூற்றாண்டில் நிஸ்ஸங்கமல்லன் அதற்குப் பொன் பூசினான். இன்று நாம் பார்க்கும் ஓவியங்களில் பெரும்பகுதி 18ஆம் நூற்றாண்டில் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்துப் புதுப்பிப்பு. அவனோ மதுரை நாயக்கர் வழியில் வந்தவன். 1991இல் உலக மரபுரிமையான இந்த இடத்தை எங்கள் பிள்ளைகளும் தங்கள் ஊரின் சொத்தாக அறிந்து மதிக்க வேண்டும்.

அப்படியானால் நாங்கள் எங்கே? கண்டி இராச்சியத்தில் 'மடிகே பத்த' என்றொரு பிரிவு இருந்தது. பொதி மாடுகளின் போக்குவரத்தைப் பார்த்த பிரிவு அது. அதில் முஸ்லிம்களுக்குப் பெரும் பங்கு. கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் தவளத்தில் மேலே வந்தன. பாக்கு கீழே போனது. உப்பில்லாமல் மலைநாட்டில் சோறு இறங்காது. நாங்கள் அந்தச் சோற்றோடு சேர்ந்த ஆட்கள்.

19ஆம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தார்கள். பசியிலும் வாந்திபேதியிலும் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்களுக்கு இந்த வீதியில் ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. இதையும் எங்கள் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். தங்கள் வரலாற்றை மட்டும் படித்த பிள்ளைக்கு அடுத்தவரின் வலி தெரியாது.

பாடப்புத்தகத்து இனப் பரம்பல் வரைபடம் பிரதேசத்துக்கு ஒரு நிறம் பூசும். அது தேவைதான். ஆனால் அதற்கு மேல் வீதிகளையும் வரைந்து பார்க்கும்போதுதான், "யார் முதலில் வந்தது?" என்று கேட்ட பிள்ளை "எந்தப் பக்கத்தால வந்தாங்க, ஏன் வந்தாங்க?" என்று கேட்கத் தொடங்குகிறது. இரண்டாவது கேள்விக்குச் சண்டை போடாமல் பதில் தேடலாம். சிங்களப் பிள்ளையோடு பக்கத்தில் உட்கார்ந்தும் தேடலாம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறையில் பிள்ளையை உம்மும்மா, அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த ஊரிலிருந்து, எந்த வருடம், என்ன தொழிலுக்கு வந்தார்கள், முதலில் உதவிய அயலவர் யார் என்ற நான்கையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். பழைய உறுதி, கடை ரசீது, புகைப்படம் இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எழுதி வைக்காததை நாளைக்கு யாரிடமும் காட்ட முடியாது.