ஆடும் பல்லை ஸ்டெம் செல் காப்பாற்றுமா?

பல் ஆடினால், பழுதானது பெரும்பாலும் பல் அல்ல. ஈறும், தாடை எலும்பும், பல் வேரை எலும்போடு பிணைக்கும் மெல்லிய நார்த்திசுவும்தான். அந்த நார்த்திசுவிலேயே ஸ்டெம் செல்கள், அதாவது மூல உயிரணுக்கள், இருப்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2004-இல் கண்டறிந்தனர்.

டோக்கியோ மகளிர் மருத்துவப் பல்கலைக்கழகக் குழுவினர், நோயாளியின் பிடுங்கிய பல்லிலிருந்து அந்தச் செல்களை எடுத்து, மெல்லிய தாள்போல வளர்த்து, அவருடைய பழுதான பல்லின் வேரிலேயே ஒட்டினர். எலும்புக் குழியைக் கால்சியம் துகள்களால் நிரப்பினர். எலும்பு வளர்ந்ததாக 2018-இல் அறிவித்தனர். நல்ல செய்திதான், ஆனால் சிகிச்சை பெற்றவர்கள் பத்தே பேர்.

நம் நாட்டில் இது இன்னும் ஆய்வு நிலையில்தான் உள்ளது. ஐ.சி.எம்.ஆரின் 2017 நெறிமுறைப்படி, குழந்தையின் பால் பல்லைக் கட்டணம் வாங்கிச் சேமிக்கும் வங்கிக்கும் அனுமதியில்லை. தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே உண்டு. ஆகவே விளம்பரத்தைப் பார்த்து நகையை அடகு வைக்க வேண்டாம்.

ஈறில் ரத்தம் கசிந்தால், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகள், தாமதிக்காமல் காட்டுங்கள். மிஸ்வாக் அன்றாட அழுக்கை நீக்கும்; கல்லாக இறுகிய காரையை மருத்துவர்தான் அகற்ற வேண்டும். 2023-இல் திறக்கப்பட்ட அரசு பல் மருத்துவக் கல்லூரி புதுக்கோட்டையிலேயே இருக்கிறது.