திருவரங்கத் தீவில் ஒரு வேட்டை

சதுப்பு நிலத்தில் மான் வேட்டைக்குப் புறப்படுவோர் நிலப்படத்தை விரித்ததும் முதலில் தேடுவது மானையல்ல, மேட்டை. நாற்புறமும் நீரும் சேறும் சூழ, நடுவே உலர்ந்து கிடக்கும் திட்டுதான் மானுக்கு ஏற்ற படுக்கை. நெருங்குபவனின் காலடியை நீரே காட்டிக்கொடுத்துவிடும். தேர்ந்த வேட்டைக்காரன் திட்டுக்குள் நுழைவதில்லை. வெளியேறும் தடம் எதுவென்று கண்டு அங்கே காத்திருக்கிறான். மானைக் காக்கும் நீரே அதன் வழிகளையும் குறைத்துவிடுகிறது என்பது அவனுக்குத் தெரியும். 1752ஆம் ஆண்டில் திருவரங்கத்தில் நிகழ்ந்ததை இந்தக் கண்கொண்டு நாம் வாசித்துப் பார்க்கலாம்.

ஆர்க்காட்டு நவாப் பதவிக்கான போட்டியில் முகமது அலி திருச்சிராப்பள்ளிக் கோட்டைக்குள் இருந்தார். 1751 முதல் அதை முற்றுகையிட்டவர் சந்தா சாகிப். அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையின் தளபதி ழாக் லா, பிரான்சின் நிதியமைப்பையே ஆட்டம் காணச் செய்த ஜான் லாவின் உறவினர். ஸ்டிரிங்கர் லாரன்ஸும் ராபர்ட் கிளைவும் உதவிப்படையுடன் திருச்சியை அடைந்ததும் லா மனம் தளர்ந்தார். புதுச்சேரியில் இருந்த டூப்ளேயின் விருப்பத்துக்கு மாறாக, ஏப்ரலில் காவிரியைக் கடந்து தீவுக்குள் பின்வாங்கினார். திருவானைக்காவும் திருவரங்கமும் பாசறைகளாயின.

நிலப்படத்தில் பார்த்தால் அவரது முடிவு பிழையென்று தோன்றாது. முக்கொம்பில் பிரியும் காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் அகழிகள். ஓங்கிய கோயில் மதில்கள் ஆயத்தக் கோட்டைகள். ஆனால் நிலப்படத்தில் ஆறு ஆண்டு முழுவதும் ஆறாகவே இருக்கிறது. சித்திரை மாதத்துக் கொள்ளிடமோ பெரும்பகுதி மணல்வெளி. மேட்டூர் அணை எழுந்தது 1934இல். அதற்கு முன்பு தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளம் வரும்வரை இந்த அகழிகளைப் பகைவனும் கடக்கலாம்.

கிளைவ் கண்டது தடத்தை. படையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியுடன் கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே சமயபுரத்தில் முகாமிட்டார். ஊட்டத்தூர், வாலிகண்டபுரம் வழியாகப் புதுச்சேரியிலிருந்து எந்த உதவி வந்தாலும் அவ்வழியேதான் வரவேண்டும். தானியம் சேர்த்துவைக்கப்பட்டிருந்த லால்குடி வீழ்ந்தது. கிழக்கே கோவிலடியைத் தஞ்சைப் படை கைப்பற்றியது. தீவுக்கு நேரெதிரே, கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள பிச்சாண்டார்கோயிலும் பறிபோனது.

இடையில் லாவுக்கு ஒரு வாய்ப்பு வாய்த்தது. கிளைவ் ஊட்டத்தூர்ப் பக்கம் சென்றுவிட்டார் என்ற செய்தியை நம்பி, சமயபுரத்தின்மீது இரவோடிரவாக ஒரு பிரிவை ஏவினார். ஆங்கிலப் படையிலிருந்து ஓடிவந்தவர்களும் அதில் இருந்ததால், தாங்கள் லாரன்ஸ் அனுப்பிய துணைப்படை என்று சொல்லிக் காவலைக் கடந்தனர். கிளைவோ அதற்குள் திரும்பிவந்திருந்தார். அவர் உயிர்தப்பியது மயிரிழையில், தாக்குதல் தோற்றது. லா நம்பிய நிலப்படம் பருவத்தைச் சொல்லவில்லை. அவர் நம்பிய செய்தி நேற்றையது.

உதவிக்கு வந்த தோத்தேய் வாலிகண்டபுரத்தில் சரணடைந்தார். ஜூனில் லாவும் 700க்கும் மேற்பட்ட ஐரோப்பிய வீரர்களுடன் ஆயுதங்களை ஒப்படைத்தார். உயிருக்கு உறுதிமொழி பெற்றுத் தஞ்சைத் தளபதி மானோஜியிடம் சென்ற சந்தா சாகிப்பின் தலை துண்டிக்கப்பட்டது. லாவுக்குத் தீவு சிறையாக முடிந்தது. அவரை நம்பிய சந்தா சாகிப்புக்கு அதுவும் வாய்க்கவில்லை.

இப்போரை விரிவாக எழுதிய ராபர்ட் ஓர்ம் தம் நூலின் முதல் தொகுதியை 1763இல் வெளியிட்டார். போர் முடிந்தபின் வரையப்படும் படங்களில் எல்லாத் தடமும் தெளிவாகத்தான் தெரியும். அதற்குமுன் அந்தத் தெளிவைத் தரக்கூடியது ஆற்றின் போக்கைப் பருவந்தோறும் பார்த்திருக்கும் கரைவாசியின் கண் ஒன்றே. நம் ஊர்களின் வரலாற்றை நிலப்படம் வைத்து வாசிக்கும்போது, கோடுகளுக்குப் பக்கத்தில் மாதத்தையும் எழுதிக்கொள்வது நமக்கு நல்லது.