கானா 'ஸாஃப்ட்' ஆகிவிட்டதா? வடசென்னைப் பாட்டும் ரசிகர் சண்டையும்

வேகமான பாட்டுக்குப் பேர் போன ஒரு இசைக்குழு திடீரென்று வேகத்தைக் குறைத்தால் என்ன ஆகும்? ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "பழைய காரம் போச்சு" என்று ஒரு கட்சி. "இப்போதான் பக்குவம் வந்திருக்கு" என்று இன்னொரு கட்சி. 1991ல் மெட்டாலிகா குழுவுக்கு நடந்தது இதுதான். வேகம் குறைந்த அந்த ஆல்பம் கோடிக்கணக்கில் விற்றது. ஆனால் ஆரம்ப காலத்து ரசிகர்களில் பலர் 'விலை போய்விட்டார்கள்' என்று திட்டினார்கள்.

இதே சண்டை நம்ம ஊரிலும் உண்டு. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர், புழல் என்று வடசென்னை முழுக்கப் பாடப்படும் கானாவைப் பற்றித்தான் சொல்கிறோம். மெலடியாக ஒரு கானா வந்தாலே "இது கானாவே இல்லை, கானான்னா குத்தணும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். உண்மையிலேயே கானா என்றால் வேகம்தானா? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம்.

சாவு வீட்டுப் பாட்டு

துறைமுகம், ரயில்வே, பின்னி மில் என்று உழைக்க வந்த மக்களால் வளர்ந்த பகுதி வடசென்னை. ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டதே 1856ல்! இந்த உழைக்கும் மக்களின், குறிப்பாகத் தலித் மக்களின் குடியிருப்புகளில் வளர்ந்த பாட்டுதான் கானா. பெரிய வாத்தியம் எதுவும் தேவையில்லை. மேஜை, தகரம், தீப்பெட்டி எதைத் தட்டினாலும் தாளம்தான்.

கானாவில் பல வகை உண்டு. அதில் முக்கியமானது மரண கானா. ஒருவர் இறந்துவிட்டால், உடலை எடுப்பதற்கு முந்தைய இரவு, விடிய விடியப் பாடுவார்கள். இறந்தவரின் பெயர், அவர் செய்த வேலை, விட்டுப்போன பிள்ளைகள் எல்லாம் பாட்டுக்குள் வரும். வாழ்க்கை நிலையில்லை என்ற சித்தர் பாடல்களின் சாயலும் இருக்கும். இது ஆடுவதற்கான பாட்டு இல்லை, உட்கார்ந்து கேட்டு அழுவதற்கான பாட்டு. அதனால் நிதானமாகத்தான் போகும்.

மறுநாள் ஊர்வலம் கிளம்பும்போதுதான் மேளம் வேகமெடுக்கும், இளைஞர்கள் ஆடுவார்கள். அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பின மக்களிடமும் இதுபோல ஒரு வழக்கம் உண்டு. கல்லறைக்குப் போகும்போது மெதுவான பாட்டு, அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான ஜாஸ். துக்கமும் ஆட்டமும் ஒரே சாவு வீட்டின் இரண்டு பக்கங்கள்.

சினிமா எடுத்துக்கொண்டது எதை?

மெட்ராஸ் பாஷைப் பாட்டு சினிமாவுக்குப் புதிதல்ல. 1968ல் 'பொம்மலாட்டம்' படத்திலேயே மனோரமா பாடிக் கலக்கியிருக்கிறார். ஆனால் கானா என்ற பெயரைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது 1990களில் இசையமைப்பாளர் தேவாதான். 'காதல் கோட்டை' (1996), 'கண்ணெதிரே தோன்றினாள்' (1998) போன்ற படங்களில் அவரே பாடவும் செய்தார். கேலி, நட்பு, காதல், ஆட்டம் என்று கானாவின் கலகலப்பான பக்கம் பெரிய திரைக்கு வந்தது. 2006ல் 'சித்திரம் பேசுதடி' படத்தில் கானா உலகநாதன் பாடிய மீன் கல்யாணப் பாட்டும் இந்த வகைதான்.

சாவு வீட்டின் இரவுப் பாட்டு மட்டும் வெளியிலேயே நின்றுவிட்டது. படம் பார்க்க வந்தவர்களுக்கு எழுந்து ஆடத்தான் பாட்டு வேண்டியிருந்தது. எனவே கானாவை சினிமா வழியாக மட்டுமே அறிந்த ஒரு தலைமுறைக்குக் கானா என்றால் குத்து என்று ஆகிப்போனது.

2012ல் பா.ரஞ்சித்தின் 'அட்டகத்தி' வந்தது. சந்தோஷ் நாராயணன் இசையில் கானா பாலா இரண்டு பாட்டுப் பாடினார். 2014ல் 'மெட்ராஸ்' படத்தில், கொலை செய்யப்பட்ட நண்பனுக்காக அவர் பாடியது மரண கானாவேதான். 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதன்முதலாக மேடை ஏறியது. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய இந்தக் குழுவில் பறை, சட்டியோடு கிடாரும் டிரம்ஸும் சேர்ந்தன. இதில் பாடிய ராயபுரத்து இசைவாணி, ஆண்களே நிறைந்திருந்த கானா உலகில் நுழைந்த பெண். 2020ல் பி.பி.சி. வெளியிட்ட 100 பெண்கள் பட்டியலிலும் இடம் பிடித்தார்.

யார் சொல்வது சரி?

'காரம் போச்சு' கட்சிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மெருகேற்றி, கிடார் சேர்த்து, ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடும்போது தெருவின் கரகரப்பு குறையத்தான் செய்யும். ஆனால் மெதுவாகப் பாடினால் கானா இல்லை என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அந்த நிதானம் சாவு வீட்டில் எப்போதும் இருந்தது, சினிமாதான் அதைத் தாமதமாகக் கண்டுகொண்டது. அதேபோல 'பக்குவம் வந்தது' என்று சொல்வதும் தவறு. மரணத்தைப் பற்றி இரவெல்லாம் பாடியவர்களுக்குப் பக்குவம் 2012லா வந்தது?

உண்மையில் இழப்பு என்று ஒன்று இருந்தால் அது வேகத்தில் இல்லை. மரண கானாவில் ஒவ்வொரு இரவும் ஒரு புதுப் பெயர் பாட்டுக்குள் வரும். மூட்டை தூக்கியவர், வலை இழுத்தவர் என்று வேறு எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத ஒரு வாழ்க்கை அந்த ஓர் இரவு மட்டும் பாட்டாகும். ஒலிப்பதிவான பாட்டில் அப்படிப் பெயர் மாற்ற முடியாது. கோடிப் பேர் கேட்டாலும் அதே வரிதான்.

அதனால் அடுத்த முறை ஒரு கானாவைக் கேட்டுவிட்டு வேகமா, மெதுவா என்று சண்டை போடும் முன் வேறொரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பாட்டில் யாருடைய பெயர் இருக்கிறது?