ஆந்திரோமிடாவை வெளுத்த கதை

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்து வாக்கர் கலைக்கூடத்தில் ஆளைவிட உயரமான தைலவண்ண ஓவியம் ஒன்று இருக்கிறது. ஃபிரடெரிக் லெய்ட்டன் 1891இல் வரைந்தது. பாறையில் சங்கிலியால் பூட்டப்பட்ட பெண். அவள்மேல் கருஞ்சிறகை விரித்துக் கவிந்து நிற்கும் கடல் பூதம். வானத்தில் பறக்கும் குதிரைமேல் வந்து அம்பெய்கிறான் வீரன் பெர்சியஸ். பெண்ணின் பெயர் ஆந்திரோமிடா. உடம்பு வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

யாரிந்தப் பொண்ணு? கிரேக்கப் புராணப்படி எத்தியோப்பிய ராஜா மகள். எத்தியோப்பியர் என்ற கிரேக்கச் சொல்லுக்கு அர்த்தமே கருகிய முகத்துக்காரர் என்பதுதான். கடல் கன்னிகளைவிட நான் அழகி என்று ராணி பீத்திக்கொண்டாள். கடல் தெய்வத்துக்குக் கோபம். பேசினது ராணி வாய், கட்டிப்போட்டது மகளை. பெர்சியசும் சும்மா காப்பாத்தலை. பொண்ணை எனக்குத் தருவீங்களான்னு பெத்தவங்ககிட்ட பேசி முடிச்சிட்டுத்தான் ஆயுதம் எடுத்தான்.

இதை எழுதிய ரோமானியக் கவி ஓவிட் அவள் நிறத்தை ஒளிக்கவில்லை. காதல் கலை பற்றிய நூலில், கருத்த இந்தியர்களிடமிருந்து பெர்சியஸ் அவளைக் கொண்டுவந்தான் என்கிறார். (ரோமாபுரிக்கு நாமும் எத்தியோப்பியரும் ஒரே கணக்கு.) அவள் நிறத்தை அவன் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை என்றும் அதே நூலில் வருகிறது. 'கருப்பா இருந்தாலும் களையா இருக்கா' என்று சமாதானம் சொல்லியே பழகிய நமக்கு இது ஆச்சரியம்தான்.

லெய்ட்டனை மட்டும் திட்டிப் பயனில்லை. பாஸ்டன் அருங்காட்சியகத்தில் கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் கிரேக்க ஜாடி ஒன்று உண்டு. அதில் வேலைக்காரர்கள் மட்டும் கருப்பர்கள், இளவரசி இல்லை. அப்போதே வெளுக்கத் தொடங்கியாச்சு. 1649இல் அச்சான நூலில் ஸ்பெயின் ஓவியர் பச்சேகோ, ஓவிட் கருப்பு என்று சொல்லியிருக்க நீங்கள் ஏன் வெள்ளையாக வரைகிறீர்கள் என்று கேட்டேவிட்டார். ஆகவே தெரியாமல் நடந்த பிழை என்று தள்ளிவிட முடியாது. லெய்ட்டனோ 1878இலிருந்தே ராயல் அகாடமியின் தலைவர்.

படம் தொங்கும் ஊரையும் பார்க்கணும். 1807இல் பிரிட்டன் தடைசெய்யும்வரை, லிவர்பூல் கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையில் சங்கிலி மாட்டி ஏற்றிய ஜனங்கள் ஏறக்குறைய 15 லட்சம். அந்தக் காசு ஊறிய ஊரில்தான் சங்கிலியில் நிற்கும் ஆப்பிரிக்கப் பெண்ணொருத்தி வெள்ளையாக நிற்கிறாள். 2007இல் அதே ஊரில் அடிமைமுறை அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆந்திரோமிடா இருப்பது அங்கே அல்ல, கலைக்கூடத்தில்.